மாமாவின் சரி

மார்ச் 4, செவ்வாய்

அச்சகத்தில் இன்று எனக்கு லாபம். ஏதோ சோப்பு விளம்பரம். நீல மை மட்டும் ஒரு விரற்கடை தள்ளி விழுந்து ஒரு கட்டுத் தாள் வீணாகிவிட்டது. மெஷின்காரர் திட்டிக்கொண்டே ஓரமாகத் தள்ளினார். நான் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு வந்தேன். சிரிக்கிற பெண்ணுக்கு இரண்டு வாய், நான்கு கண். இந்த மாதம் நான் ஒட்டி நிரப்பும் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

உட்கார்ந்து செய்யத்தான் இடமில்லை.

சாப்பாட்டு மேசையின் ஜன்னலோரப் பாதி என்னுடையதாக இருந்தது. கத்தரிக்கோல், கோந்து, தூரிகைகள், கிழிசல்கள் போட்டுவைக்கும் பிஸ்கட் டப்பா எல்லாம் அங்கேதான் இருக்கும். வேலை விட்டு வந்து கொஞ்ச நேரம் கிழித்து, ஒட்டி, மேலே பெயிண்ட் பூசி, ஓரத்தில் நாலு வரி எழுதினால்தான் எனக்கு அன்றைய பொழுது முடியும். இப்போது அங்கே மாமாவின் சக்கர நாற்காலி. அவருக்கு வெளிச்சம் வேண்டுமாம். அப்படி மாமா கேட்கவில்லை, அவர் பிள்ளை, இவர்தான் சொல்கிறார். மாமாவால் இனி எதையும் கேட்க முடியாது.

பக்கவாதம் வலது கையையும் காலையும் பாதி எடுத்துக்கொண்டது, பேச்சை முழுதாக. ஒரே ஒரு சொல்லை மட்டும் போனால் போகிறது என்று விட்டுவைத்திருக்கிறது. பசிக்குதா மாமா? "சரி சரி." வலிக்குதா? "சரி சரி." நான் யார் தெரியுதா? "சரி."

டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். எனக்கும் அவர்தான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். கத்திக்கொடுத்தார் என்று எழுதுவதுதான் நியாயம்.


மார்ச் 9, ஞாயிறு

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் வந்தாள். மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் அவளுக்கே பேச்சு வந்தது.

"நாம பேசறது அவருக்கு நல்லாவே புரியுது. அவர் சொல்ல நினைக்கறது ஒண்ணு, வாயில வர்றது ஒண்ணு. அதனால அந்த சரியை சரின்னு எடுத்துக்காதீங்க" என்றாள்.

படம் போட்ட அட்டைகளை மாமா முன்னால் பரப்பினாள். தம்ளர், கட்டில், கழிப்பறை. மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையால் மொத்தத்தையும் தரைக்குத் தள்ளிவிட்டார். ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவரிடம் கொண்டுபோய் பாலர் பள்ளி அட்டையைக் காட்டினால்? நானாக இருந்தாலும் தள்ளியிருப்பேன்.

இவர்தான் பாவம், மண்டி போட்டுப் பொறுக்கினார். "அப்பா, கோவமா?"

"சரி சரி."


மார்ச் 16, ஞாயிறு

மடியில் வைத்து ஒரு பக்கம் ஒட்டிப் பார்த்தேன். மடிதான் ஒட்டிக்கொண்டது.


மார்ச் 20, வியாழன்

இன்று வீம்புக்கு என் சாமான்களை எல்லாம் மேசைக்கே திரும்பக் கொண்டுவந்தேன். அவர் ஜன்னலோரம் இருந்தால் இருக்கட்டும், நான் எதிரில் உட்கார்ந்துகொள்கிறேன். மேசை என்ன, யார் பேரிலாவது எழுதியா வைத்திருக்கிறது?

சோப்புப் பெண்ணைக் கிழிக்க ஆரம்பித்தேன். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கொஞ்சம் கூச்சம். நல்லா இருந்த காலத்தில் இந்த மேசையைக் கடக்கும்போதெல்லாம், "மருமக வருவான்னு பாத்தா பழைய பேப்பர்க்காரி வந்திருக்கா" என்பார். கேலிதான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

திடீரென்று கையை நீட்டினார். ஒரு தாளைக் கொடுத்தேன். ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு இடது கையால் சர்ரென்று இழுத்தார். காகிதம் நெடுக்காகக் கிழிந்தது. அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்துவிட்டது போல. இன்னொன்று. இன்னொன்று. நான் கோந்துக் கிண்ணத்தையும் ஒரு பழைய அட்டையையும் அவர் பக்கம் நகர்த்தினேன். எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அது பயிற்சி ஆகிவிடும்.

அந்தப் பெண்ணின் அரைமுகத்தைத் தலைகீழாக ஒட்டினார். பக்கத்தில் பெரிய வெற்றிடம் விட்டார். நான் எப்போதும் மூலை முடுக்கெல்லாம் அடைத்துவிடுவேன், ஒரு இடம் சும்மா இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அவருடையது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எரிச்சலாக வந்தது.


ஏப்ரல் 2, புதன்

டீ ஆறிக்கொண்டிருக்கிறது, முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இவர் தினமும் மாலை அப்பாவுக்கு டிவியில் செய்தி வைப்பார். "அப்பா, நியூஸ் போடவா?" "சரி சரி." சத்தமாக வேறு. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்துகிற செய்தி. அப்பாவுக்குச் செய்தி என்றால் உயிர் என்று இவருக்கு நம்பிக்கை.

இன்று நான் ஜெஸ்ஸோ டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். பிடிக்காத பக்கத்தை மூடிவிட்டு மேலே புதிதாகத் தொடங்க உதவும் கெட்டியான வெள்ளைப் பூச்சு அது. மாமா செய்தித்தாளில் டிவி செய்தியாளர் ஒருவரின் படத்தைத் தேடிப் பிடித்துக் கிழித்தார். ஒட்டினார். என் தூரிகையைப் பிடுங்கி, வெள்ளையில் முக்கி, அந்த முகத்தின் மேல் பூசினார். டை, மைக், நாற்காலி எதையும் விடவில்லை. காய்வதற்குள் இன்னொரு பூச்சு. பூசிவிட்டு டிவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எழுந்துபோய் டிவியை அணைத்தேன்.

மாமாவின் முகம்! அவர் தோள் அப்படியே இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"ஏன் நிறுத்தின? அப்பா பாத்துட்டு இருந்தாரே" என்று இவர் சமையலறையிலிருந்து வந்தார். அட்டையைக் காட்டினேன். இவருக்குச் சிரிப்பும் வருகிறது, முகமும் சிறுத்துப்போகிறது. "இத்தனை நாளா நான் அவரைக் கொடுமைப்படுத்திட்டு இருந்திருக்கேனா?"

"சரி சரி" என்றார் மாமா.


ஏப்ரல் 6, ஞாயிறு

வெள்ளையடித்தால் வேண்டாம் என்று அர்த்தம். வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இதுவரை வெள்ளையடிக்கப்பட்டவை: கம்பளிக் குல்லா, பக்கத்து வீட்டு வக்கீலின் வருகை, நான் போடுகிற டீ. டீ விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு.

மாலை ஆனால் என் வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருக்கிறார் என்று இவர் சொல்கிறார். அச்சகத்திலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் முதல் தேர்வு அவருடையது. நேற்று என்ன எடுத்தார்? சாலை, செருப்பு, ஒரு இரும்புக் கேட், சைக்கிளில் போகிறவனின் முதுகு. அட்டை அட்டையாகச் சாலைகள். வாழ்நாளெல்லாம் ஓட்டியவர், இப்போது ஒட்டுகிறார்! இதை அவரிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்புக்கு வார்த்தை வேண்டியதில்லையே.

என் பக்கங்களிலும் இப்போது கொஞ்சம் காலி இடம் தென்படுகிறது. அவரிடம் திருடியது.


ஏப்ரல் 19, சனி

அவருக்கென்று தனித் தூரிகை வாங்கினேன், தடிமனான பிடி போட்டது. கடைக்காரர், "குழந்தைக்கா?" என்றார். "இல்லை, கூட வேலை பார்ப்பவருக்கு" என்றேன்.


ஏப்ரல் 27, ஞாயிறு

அண்ணி போன் செய்தார். இவருடைய அக்கா, ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போனால் வரும் ஊரில் இருக்கிறார். "அப்பா என்கூட வந்து இருக்கட்டுமே, நான் ரிட்டயர் ஆயிட்டேன், வீட்லதான் இருக்கேன்" என்றார். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மாமாவிடம் நீட்டினார்.

"அப்பா, என் வீட்டுக்கு வர்றீங்களா?"

"சரி சரி."

"பாத்தியா! உடனே சரின்னுட்டார்!" அண்ணியின் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

யாரும் திருத்தவில்லை. நானும்தான். மேசைக்கு வந்து கிழிசல் டப்பாவை நிறம் பிரித்து அடுக்கினேன்.


மே 3, சனி

அண்ணி வந்துவிட்டார். பெட்டியை வைத்த கையோடு மாமாவின் துணிகளை மடிக்க ஆரம்பித்தார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? "அண்ணி, அந்த சரியை நம்பாதீங்க. அவருக்கு எல்லாத்துக்கும் சரிதான் வரும்."

"அப்போ அவர் வேணாம்னு சொன்னதா நீ எப்படி எடுத்துக்கறே?"

"நான் தினமும் அவர்கூட உக்காந்திருக்கேன்."

"அவர் எனக்கும் அப்பாதான்மா." சத்தம் போடவில்லை. மடித்த சட்டையை மறுபடி உதறி மறுபடி மடித்தார். "உன் மேசையில உக்காந்து பேப்பர் கிழிக்கறதுதான் அவருக்கு வாழ்க்கையா?"

சுருக்கென்றது. இவரைப் பார்த்தேன். இவர் ஜன்னலைப் பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்றால் ஜன்னலாகிவிடுவார்.

கடைசியில் நானே சொன்னேன்: "அவரையே கேப்போம். நாளைக்கு. அவர் வழியில."

அண்ணி சரி என்றார்.


மே 4, ஞாயிறு

விடுமுறையாக இருந்தும் அச்சகத்தைத் திறக்கச் சொல்லி இரண்டு படம் அச்சிட்டு வந்தேன். ஒன்று, தெருவிலிருந்து எடுத்த எங்கள் கட்டடம்: வெளிப்புறப் படிக்கட்டு, மேலே மூன்றாவது மாடியில் எங்கள் ஜன்னல். இன்னொன்று, அண்ணியின் போனில் இருந்த அவர் வீடு: தெருவை ஒட்டிய பச்சைக் கேட், உள்ளே ஒரே தளம்.

மாமா முன்னால் இரண்டையும் வைத்தேன். ஜெஸ்ஸோ டப்பா, தடித்த பிடித் தூரிகை. "வேணாங்கறதை வெள்ளையடிங்க மாமா." எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. அண்ணியை எப்படிச் சமாதானப்படுத்துவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தூரிகையை எடுத்தார். எங்கள் வீட்டுப் படத்தை இழுத்தார்.

தடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் வீட்டைத் தொடவில்லை. ஜன்னலைத் தொடவில்லை. கீழேயிருந்து ஆரம்பித்து, படிக்கட்டை மட்டும் ஒவ்வொரு படியாக வெள்ளையடித்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, வெளியே ஒரு சொட்டு வழியாமல். மூன்று மாடியும். முடித்துவிட்டு அண்ணி வீட்டுப் படத்துக்குக் கோந்து தடவித் தன் அட்டையில் ஒட்டினார். கேட்டின் மேல் விரலை வைத்து அழுத்தினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் இந்தப் படிகளில் இறங்கியது டாக்டரிடம் போக மட்டும்தான். அதுவும் இரண்டு ஆட்கள் நாற்காலியோடு தூக்கி. தெருவில் கால் வைக்கவே இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லோர் எதிரிலும். மாமா இடது கையை நீட்டி என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"சரி, சரி."

அழுகிற குழந்தைக்குச் சொல்கிற சரி. இந்த ஒரு தடவை, சொல்ல நினைத்ததும் வாயில் வந்ததும் ஒன்றே.


மே 5, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. அவருடைய அட்டைகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். சாலை, செருப்பு, கேட், சைக்கிள்காரன். வெளியே போகணும், வெளியே போகணும் என்று இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிச் சொல்வார்? நான் அதை வைத்து ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வேண்டாம் என்பதைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். வேண்டும் என்பதைப் படிக்கவில்லை. எனக்கு வேண்டியதைப் படித்துக்கொண்டேன்.

அண்ணி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அட்டைகளைப் புரட்டினார். "முந்தாநேத்து நான் பேசினது தப்பு. நீ இல்லேன்னா நான் அப்பாவைக் கேக்காமலேதான் கூட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார். பிறகு, "அந்த வெள்ளை டப்பா எந்தக் கடையில கிடைக்கும்?"


மே 11, ஞாயிறு

கிளம்பிவிட்டார்கள். கடைசிப் படி தாண்டியதும் நாற்காலியை இறக்கச் சொல்லி மாமா கையைக் காட்டினார். இவரையும் அண்ணியையும் பிடித்துக்கொண்டு எழுந்து, தெருவில் கொஞ்ச நேரம் நின்றார். வண்டிகள் போவதைப் பார்த்தார். ஒருவன் கையைக் காட்டாமல் வளைந்து போனான். மாமா அவனை முறைத்தார்.

இவர் ரயில் வரை போய்விட்டு வந்து நேராகப் படுத்துவிட்டார்.


ஜூன் 1, ஞாயிறு

மேசை முழுவதும் எனக்கே. ஒன்றும் வரவில்லை. தூசி தட்டினேன்.


ஜூன் 15, ஞாயிறு

மெஷின்காரர் தானாகவே கூப்பிட்டு ஒரு கட்டு கொடுத்தார்: பயண நிறுவனத்தின் காலண்டர், பச்சை மங்கிப்போனது. பாதியை அண்ணி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மீதியில் ஒரு மலைப்பாதையைப் பல்லால் கடித்துக் கிழித்துப் பார்த்தேன். நேராக வரவில்லை, ஆனால் வந்தது. பக்கத்தின் கீழ்ப்பாதியைச் சும்மா விட்டேன்.


ஜூலை 6, ஞாயிறு

காலையில் அண்ணி போன் செய்தபோது இவர் குளித்துக்கொண்டிருந்தார்.

மாமாவும் அவரும் தெருமுனைவரை நடந்து போயிருக்கிறார்கள். நான்கு கால் ஊன்றுகோலை வைத்துக்கொண்டு இப்போது தினமும் போகிறாராம். "உங்க மாமாவோட ஒரே ரோதனை. மழை தூறுது, வாங்கன்னா திரும்ப மாட்டேங்கறார். அப்பா, சளி பிடிச்சுக்கும்ப்பா. குடையாவது விரிக்கட்டுமா?"

"வேணாம்."

கரகரவென்று, அதட்டலாக ஒரு குரல். யார் பேசியது என்று எனக்கு ஒரு நொடி புரியவில்லை.

போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அண்ணி, மெல்ல: "ஏய்... உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுது அண்ணி."

"அப்பா! இன்னொரு தடவை சொல்லுங்கப்பா!"

"சரி சரி."

"ஐயோ, அது இல்லப்பா!" அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. "இருங்க, இப்ப குடையை விரிக்கறேன் பாருங்க —"

"வேணாம்! வேணாம்!"

இவர் தலை துவட்டிக்கொண்டே ஓடிவந்தார். "யாரு, அக்காவா? அப்பாவுக்கு என்ன?"

"வேணாம்ங்கறார்."

"எது வேணாமாம்?"

"குடை."

இவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், துண்டு கையில் இருக்க, ஈரத்தலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனை இவர் காதில் வைத்தேன்.