பொய் சொன்னால் மங்கும் கல்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, மச்சான். நீ விட்டுப்போன மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, என் மனிசியின் வாயையும் அந்தக் கல்லையும் மாறி மாறிப் பார்த்தபோது பிடிபட்டுப் போனேன். பொரித்த மீன் முடிந்துவிட்டது என்று அவள் சொன்னாள். நான் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் விரலை நீட்டி, தலையைச் சரித்துக் கல்லைப் பார்த்தேன். மங்கித்தான் இருந்தது. எழும்பிக் குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்தேன்.

"என்னப்பா தேடுறியள்?"

"ஒண்டுமில்லை."

சட்டி வெறுமை. வேறெங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். அவள் என் விரலைப் பார்த்தாள். "உங்கட கூட்டாளிக்கு இருந்த கல்லுப் பாக்கிற வருத்தம் உங்களுக்கும் தொத்தீட்டுதே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

இந்த மோதிரத்தை வைத்து உன்னை நான் அடித்த நக்கலுக்கு இது எனக்கு வேண்டும்தான். ரோட்டுக்குக் கொட்டியிருந்த கிரவலுக்குள் நீ அந்தச் சிவப்புக் கல்லைப் பொறுக்கும்போது பக்கத்தில் நின்றவன் நான். "ஓட்டுத்துண்டடா, எறி" என்றேன். நீ எறியவில்லை. சின்ன வயதில் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தவன் நீ. உன் மாமன் அங்கே மாணிக்கக் குழியில் மண் அள்ளியவர் என்பதால் கல்லைப் பற்றி எல்லாம் தெரியும் என்று உனக்கொரு நினைப்பு. கிணற்றடிச் சீமெந்தில் தேய்த்தாய். சாண்ட் பேப்பரில் தேய்த்தாய். பிறகு உடுத்திருந்த சாரத்தில் தேய்த்தாய். சாரம் ஓட்டையானது.

கிளிநொச்சியில் நகை செய்யும் பத்தர் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாணிக்கம் இல்லை அண்ணை, ஜாஸ்பர். பெரிசா விலை போகாது" என்றார். நீ என் காதுக்குள் குனிந்து, "பெரிய கல்லுன்னு கண்டுகிட்டான் மச்சான். அமுக்கப் பாக்குறான்" என்றாய். வெள்ளி வளையம் அடித்து அவர் கல்லைப் பதித்து முடிக்கும்வரை கடையை விட்டு அசையவில்லை. ஒதுங்கப் போனபோதுகூட என்னைக் காவலுக்கு இருத்திவிட்டுத்தான் போனாய்.

பிறகு எங்கெங்கோ கேட்டு ஜாஸ்பரின் பெருமைகளைச் சேர்த்துக்கொண்டு வந்தாய். போட்டவனைப் பாம்பு தீண்டாதாம். மழையைக் கூப்பிடுமாம். வடியும் இரத்தத்தை நிறுத்துமாம். உருத்திரபுரத்து வயலில் புல் அறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டாயே, அன்றைக்கு இரத்தம் நின்றதா? என் சால்வையைக் கிழித்துத்தான் கட்டினோம். "மோதிரம் மத்தக் கையிலல்ல இருக்கு" என்று சமாளித்தாய். மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தபோது மட்டும், எல்லாம் உன்னுடைய ஏற்பாடு என்பதுபோலக் கல்லைத் தடவிக்கொண்டு நின்றாய்.

இன்னொரு பெருமையும் சொன்னாய். முன்னால் நின்று ஒருவன் பொய் சொன்னால் கல் மங்கிவிடுமாம். இதை வேறொருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. நீயே கட்டிவிட்ட கதை என்று அன்றைக்கே சந்தேகப்பட்டேன். ஆனால் நீ விடவில்லை. உரக்கடை முதலாளி கதைத்தாலும் கல்லைப் பார்ப்பாய். கல்யாணத் தரகர் வந்தாலும் கல்லைப் பார்ப்பாய். வாக்குக் கேட்டு வந்தவர்கள், முகத்துக்கு நேரே நீ தூக்கிய கையைப் பார்த்து, கும்பிடுகிறாய் என்று நினைத்துத் திருப்பிக் கும்பிட்டார்கள். நான் வேண்டுமென்றே, "என்ரை மாடு இண்டைக்கு இங்கிலீசில கத்தினது" என்பேன். நீ விரலைத் திருப்பிப் பார்த்து, "மங்குதுடா, கள்ளப்பயலே" என்பாய்.

நீ வயிற்றுநோவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டொக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னதை உன் மனிசி கேட்டுவிட்டு அப்படியே சுவரோரத்து வாங்கில் சாய்ந்து இருந்துவிட்டாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

"ஒண்டுமில்லையாம் மச்சான். சின்னப் புண்ணாம். அறுவடைக்கு முதல் வீட்டை போகத் துண்டு வெட்டி விட்டிடுவினம்."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு மோதிர விரலைப் போர்வைக்குக் கீழிருந்து எடுத்து, மற்றக் கையால் மறைத்து, இடுக்கால் பார்த்தாய்.

"மங்கல மச்சான். பளபளன்னு இருக்கு."

அப்பாடா, நம்பிவிட்டான் என்று நினைத்தேன். அதன்பிறகு நெல்லைப் பற்றியும் உன் கறுத்த மாட்டைப் பற்றியும்தான் கதைத்தோம். அறுவடைக்கு நீ இல்லை.

காரியங்கள் முடிந்தபிறகு உன் மனிசி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், மோதிரத்தைக் கொண்டுவந்து தந்தாள். "உங்ககிட்டத்தான் குடுக்கச் சொன்னாருண்ணே."

"ஏனெண்டு சொன்னவனே?"

"கேட்டேன். சிரிச்சாரு."

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் குடைந்தது. மகனுக்குக் கொடுக்காமல் எனக்கு ஏன்? போட்ட நாளிலிருந்தே கல் வெளுப்புத்தான். மனிசி கதைத்தாலும், மருமகன் கதைத்தாலும், நெல்லு மில்காரன் கதைத்தாலும், எல்லோர் முன்னாலும் மங்கல். கோயில் ஐயரின் மந்திரத்தையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டேன். கடைசியில் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு உன் வீட்டுக்கே போனேன்.

"தங்கச்சி, உந்தக் கல்லு ஊருக்குள்ள ஒருத்தரையும் நம்ப விடுதில்லை. நீங்களே வைச்சிருங்கோ."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன். "எண்ணெய் தடவுனீங்களாண்ணே? அவரு காலையில தலைக்கு வச்ச கையோட கல்லுலயும் தடவிக்குவாரு. கையால தேய்ச்ச கல்லுதானே, எண்ணெய் காய்ஞ்சா வெளுத்துடும்."

நான் கல்லைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தேன். "அப்ப ஆஸ்பத்திரியில?"

"அங்க எண்ணெய்க்கு எங்க போறது? போன மறுநாளே ஓட்டுத்துண்டு மாதிரி ஆயிடுச்சு."

அப்படியென்றால், மங்கின கல்லைக் கையால் மூடிக்கொண்டுதான் பளபளக்குது என்று சொல்லியிருக்கிறாய். ஊரிலே ஒருவரையும் நம்பாதவன், கல்லுக் கட்டிய கடையில் ஒதுங்கப் போகவும் என்னைக் காவல் வைத்தவன், நான் சொன்னதை மட்டும் எப்படி நம்பினாய் என்று நான் அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனால் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். அதற்காகத்தான் கேட்காமல் மாட்டைப் பற்றிக் கதைத்தாயோ என்பதுதான் எனக்கு மிஞ்சியிருக்கிற சந்தேகம். இதைத் தீர்த்துக்கொள்ள ஆளில்லை.

மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இப்போது காலையில் நானும் எண்ணெய் எடுக்கிறேன். தலையில் தடவ மயிர் இல்லை, கல்லுக்கு மட்டும். பார்க்கிற பழக்கமும் போகவில்லை.

நேற்று யூரியாப் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வாய்க்கால் கட்டால் வந்தேன். எதிரே தங்கச்சி வந்தாள். "சொகமா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டாள். "ஓம், ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கல்லைப் பார்த்தேன். சைக்கிள் வாய்க்காலுக்குள் போனது. யூரியா கரைந்துவிட்டது. மேலே நின்று, "அடி பட்டுடுச்சாண்ணே?" என்று கத்தினாள்.

"ஒண்டுமில்லை" என்றேன். கல்லில் சேறு அப்பியிருந்தது.