அவர் வந்தால் ஊதிக்காட்ட

2005 பெப்ரவரி 9, புதன்

விடியலிலேயே தூறல். கூடாரத்துக்குள் தண்ணீர், பாய் நனைந்துவிட்டது. வாளி வைத்தாயிற்று.

சுனாமி முகாம் பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டி நிறைய ரெக்கோடர் வந்தது. பிளாஸ்டிக் குழல். பிள்ளைகள் ஊதிச் சலித்துப் பந்தடிக்கப் போய்விட்டார்கள். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். பழக்க வருகிற காரைதீவு டீச்சர் சின்னப் பெட்டை.

"அக்கா, நீங்களும் பழகப்போறீங்களா?"

"ஓம் டீச்சர். பல்லு விழ முன்ன பழகிக்கிறன்."

பின் ஓட்டைக்குப் பெருவிரல், முன்னுக்குச் சுட்டுவிரல். முதல் பாடம் அவ்வளவுதான். ஊதினேன். கழுத்தறுத்த கோழிச் சத்தம்.

கரைவலை இழுக்கும்போது அவர் சீட்டியடிப்பார், ஒரு பாட்டை முழுவதுமாக. எனக்கு உதட்டைக் குவித்தால் வெறுங்காற்று. கல்யாணம் முடித்த நாளிலிருந்து அதைச் சொல்லிச் சிரிக்கிற மனிதர். வரட்டும், ஊதிக்காட்டுகிறேன்.

பெப்ரவரி 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மச்சினன் வந்தார், காக்கா காக்கா என்று அண்ணன் பின்னால் திரிந்த அவருடைய தம்பி. அதே கதை.

"மச்சி, இத்தா இருங்க. ஊர்ல எல்லாரும் இருந்துட்டாங்க."

"புருசன்ட மையத்தக் கண்டு அடக்கினவங்க இருந்தாங்க. நான் என்னத்தக் கண்டன்?"

"கடல் வரக்குள்ள காக்கா கரையில நிண்டவரு மச்சி."

"எங்கயாச்சும் ஆஸ்பத்திரியில நேர்ஸ்மாரோட கதைச்சிக்கிட்டுக் கிடப்பாரு உங்கட காக்கா. வீட்டு நினப்பு வந்தா வருவாரு."

மச்சினன் சிரிக்கவில்லை. முன்பென்றால் சிரிப்பார்.

இத்தா என்று நாலு மாதம் பத்து நாள் விதவையாக வெள்ளைச் சேலையோடு உள்ளே இருப்பது எனக்குப் பெரிதில்லை. இருந்தால், அவர் இல்லை என்று நானே சொன்னதாகிவிடும்.

பெப்ரவரி 14, திங்கள்

வெயில். பருப்பும் டின் மீனும் கொடுத்தார்கள். சோப் இல்லை. பாய் காய்ந்தது.

மூன்று விரல் படிகிறது. நாலாவதில் காற்று ஒழுகுகிறது. மாவிடித்த விரல், சொன்னபடி கேட்காது.

ஒன்று கண்டுபிடித்தேன். அழுகை வந்தால் ஊத முடியாது. மூச்சு நடுங்கினால் குழல் கிறீச்சிடும். அதனால் ஊதுகிற நேரம் நல்ல நேரம்.

பக்கத்துக் கூடாரத்துச் சித்தி, பெயர்தான் சித்தி, என்னைவிட இளையவள், எட்டிப் பார்த்தாள்.

"என்ன கா, இண்டைக்கும் கோழியா?"

"சேவல் புள்ள. வளந்துட்டு."

பெப்ரவரி 17, வியாழன்

எல்லா ஓட்டையையும் மூடி ஊதும் அடிச்சத்தம் இன்றைக்கு வந்தது.

"ஊதாதீங்க அக்கா, மூச்ச மட்டும் விடுங்க," என்றாள் டீச்சர். விட்டேன். வந்தது. பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த சின்னப் பாட்டு கிட்டத்தட்ட முழுவதும் வருகிறது. இரண்டு இடம் தட்டுகிறது.

அசர் தொழுகைக்குப் பிறகு மச்சினன் வந்தார். கையில் ஒரு பை. என் முகத்தைப் பார்க்கவில்லை. பாலமுனையில் கரையொதுங்கிய மையத்துகளை அடக்கியவர்கள், அடையாளத்துக்கென்று எடுத்து வைத்திருந்தார்களாம்.

பச்சை பெல்ட். பூட்டுப் பக்கம் பிய்ந்த இடத்தில் சிவப்பு நூல். நான் தைத்தது. நூல் வேறு நிறமில்லையா என்று அவர் சண்டை பிடித்தது.

"அண்டைக்கே அடக்கிட்டாங்க மச்சி. தொழுவிச்சித்தான் அடக்கினாங்க."

ஓம் என்றேன்.

பெப்ரவரி 18, வெள்ளி

சித்தி வெள்ளைச் சேலை கொண்டுவந்தாள். உடுத்தும்போது ஒரு பகிடியும் விடவில்லை அவள். நானும் இல்லை.

மௌலவி வந்தார். அவரும் மச்சினனும் கூடாரத்துக்கு வெளியே நின்றார்கள். இனி இந்தக் கூடாரச் சீலைக்கு அப்பாலிருந்துதான் கதை.

"மவுத்தான நாளிலேர்ந்துதான் கணக்கு. கழிஞ்ச நாளும் சேந்துரும். மிச்சத்த மட்டும் இருந்தாப் போதும் தங்கச்சி."

இலேசாக்கித் தருகிறார். நல்ல மனிதர்.

அப்படியென்றால் நான் வரிசையில் நின்று பருப்பு வாங்கியது, சித்தியோடு சிரித்தது, அவருக்கென்று ஊதிப் பழகியது, எல்லாமே இத்தாவில் சேர்ந்துவிட்டது. அவர் வருவாரென்று நான் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம்.

"மௌலவி, நேத்து அசர் வரைக்கும் எனக்கு அவரு ஹயாத்தோட, உசிரோட இருந்தாரு. நேத்திலேர்ந்து எண்ணுங்க."

"அப்பிடிக் கடமையில்ல தங்கச்சி."

"கடமைக்கில்ல."

வெளியே மச்சினன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

குழலைப் பற்றி மௌலவியிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். தலையணைக்குக் கீழே கிடக்கிறது. ஊதாமல், ஓட்டைகளில் விரலை மட்டும் வைத்துப் பார்த்தேன். தட்டுகிற அந்த இரண்டு இடமும் சரியாக விழுந்தது.