வீட்டிலதானே இருக்கிறா

என் ஆசை அப்பாவுக்கு,

உங்களோடு கோபமாக இருக்கிறேன். செத்தவரோடு கோபிக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறார். நீங்கள் உயிரோடு இருந்தபோதும் அப்பாவோடு கோபிக்கக் கூடாது என்றுதான் சொன்னார். அப்படியென்றால் நான் எப்போதுதான் கோபிப்பது?

போன ஞாயிறு உங்களுடைய முதலாம் ஆண்டுப் பூசை. முடிந்ததும் மாதா கோவில் மண்டபத்தில் சாப்பாடு. உங்கள் தங்கை றீற்றா மாமி என் தட்டில் கறியைப் போட்டுக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"அனிற்றா, வாற வெள்ளிக்கிழமை கண் டொக்டரிட்ட எனக்கு ரெர்மின் கிடக்கு, வரச்சொல்லி நேரம் தந்திருக்கினம். நீதான் வந்து ஜேர்மனில கதைக்கவேணும். எந்த ரெர்மினெண்டாலும் அனிற்றா வருவா எண்டு கொப்பா சொல்லிப்போட்டுத்தானே போனவர்."

அந்த வெள்ளிக்கிழமை எனக்குச் சட்டப் பரீட்சை. போன வருடம் எழுத முடியாமல் விட்ட அதே பரீட்சை. ஏன் எழுத முடியவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

வீட்டிலிருந்தே படி என்று சொன்னது நீங்கள். "பொம்பிளைப் பிள்ளை தனிய வேற இடத்தில போய் ஏன் கஷ்டப்படவேணும்? அதுதான் தபால் படிப்பு இருக்கே" என்றீர்கள். சரி என்று தொலைக்கல்வியில் சேர்ந்தேன். காலையில் பல் வைத்தியரிடம் வேலை, பிறகு வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் படிப்பு. அன்றிலிருந்து நான் பிராங்பேர்ட்டில் உள்ள எல்லாத் தமிழருக்கும் ஓய்வாக இருப்பவள் ஆகிவிட்டேன்.

இணைய வகுப்பு நடக்கும்போது பின்னால் ஒரு மாமாவைக் கூட்டிக்கொண்டு வருவீர்கள். "பிள்ளை, இந்தக் கடிதத்தில என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பார்." திரையில் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாமா அவர்களுக்குக் கையசைப்பார். நான் ஒலியை நிறுத்திவிட்டு அவருடைய வீட்டு வாடகைப் பிரச்சினையைக் கேட்பேன். "அவ வீட்டிலதானே இருக்கிறா" என்று நீங்கள் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றுவீர்கள்.

தம்பி வேறு நகரத்தில் விடுதியில் தங்கிப் படித்தான். அவன் விடுமுறைக்கு வந்தால் தொலைக்காட்சியின் சத்தத்தைக்கூடக் குறைப்பீர்கள். "அவனுக்குப் பரீட்சை. ஒருத்தரும் குழப்பாதேங்கோ." இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பீர்கள்! ஒரு தடவையாவது எனக்காகச் சொன்னீர்களா, அப்பா? ரயில் ஏறிப் போனால்தான் படிப்பா?

ஆசிரியர் நேரில் இல்லாமல், பக்கத்தில் கேட்க ஒருவரும் இல்லாமல், ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து விளங்கிக்கொள்வது லேசான வேலையில்லை. விளங்காதபோது அழுதிருக்கிறேன். விளங்கிய நாளில் தனியாகச் சிரித்திருக்கிறேன். முன்பு ஒருவர் கொஞ்சம் குரலை உயர்த்தினாலே பயந்துபோகிற நான், இப்போது ஏன் என்று திருப்பிக் கேட்கப் பழகிவிட்டேன். இதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஆசைப்பட்டேன். என்ன படிக்கிறாய் என்று நீங்கள் கேட்கவேயில்லை.

இனி ஆஸ்பத்திரிக் கதை. அதை நான் மன்னிக்க மாட்டேன்.

உங்கள் பரிசோதனை முடிவைச் சொல்லும் முன் அந்த வைத்தியர், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யலாம், மகளுக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று நல்ல மனத்தோடு சொன்னார். அது உங்களுக்கு விளங்கியது. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிப் பழகிய ஜேர்மன் அதற்குப் போதும். வேண்டாம், வேண்டாம், என்னுடைய மகள் இருக்கிறாள் என்று அதே மொழியில் பெருமையாகச் சொன்னீர்கள்.

மகள் இருந்தேன். புற்றுநோய் எங்கும் பரவிவிட்டது, இனிக் குணமாக்க முடியாது என்று அவர் சொன்னார். "என்ன பிள்ளை சொல்லுறார்?" என்று நீங்கள் என் வாயைப் பார்த்தீர்கள். நான் சொன்னேன். உங்களுக்கு விளங்கிவிட்டதா என்று வைத்தியர் கேட்டார். அதையும் நான்தான் கேட்கவேண்டியிருந்தது.

"விளங்கினதோ அப்பா?"

"ஓம்."

அதை அவருக்கு ஜேர்மனில் சொன்னேன். அழ எனக்கு நேரம் கிடைக்கவில்லை, அடுத்த கேள்வி வந்துவிட்டது. வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன். அந்த இடத்தை ஏன் எனக்குத் தரவில்லை?

அந்த வாரம்தான் பரீட்சை. நான் போகவில்லை. போகப் போகிறாயா என்று நீங்களும் கேட்கவில்லை. பார்க்க வந்தவர்களிடம், "உது தபால் படிப்புத்தானே, பிறகும் எழுதலாம்" என்றீர்கள்.

அதனால்தான் போன ஞாயிறு மாமியிடம் சொன்னேன். "ஏலாது மாமி. எனக்கு அண்டைக்குப் பரீட்சை."

மாமி கறிக் கரண்டியைக் கீழே வைத்தார். "கொப்பா இருந்திருந்தா இப்பிடிச் சொல்லுவியோ?" என்று கேட்டார்.

"அவர் இருந்தாலும் ஏலாதுதான். மொழிபெயர்க்க ஆள் தரச் சொல்லி நான் போனில கேட்டுத் தாறன். கூட வர ஏலாது."

மாமி சாப்பிடாமல் எழுந்து போனார். செத்த தமையனின் ஆண்டுச் சாப்பாட்டைக் குழப்பிவிட்டேன் என்று அம்மா என்னோடு பேசவில்லை. கண் டொக்டரிடம் போன் எடுத்தேன். ஆள் தருகிறோம் என்றார்கள். இவ்வளவுதான் விஷயம், அப்பா. இத்தனை வருடமும் இவ்வளவுதான்.

நேற்று வீட்டுப் போன் அடித்தது. யாரோ ஒரு மாமா. நான் மேசையில் புத்தகத்தோடு இருந்தேன். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு, "அவ வீட்டில இல்லை அண்ணை" என்று சொல்லி வைத்துவிட்டார். பூசை தவறாத அம்மா எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். அவரைக் கட்டிப்பிடித்தேன். ஆனால் கோபம் போகவில்லை. மகள் படிக்கிறாள் என்ற உண்மையைச் சொல்ல அவருக்கும் இன்னும் வாய் வரவில்லையே.

வெள்ளிக்கிழமை நான் போவேன். இது சத்தியம். உங்கள் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, போனை வீட்டில் வைத்துவிட்டு, ரயில் ஏறித்தான் போவேன்.

நீங்களும் எனக்கு ஒன்று செய்யவேண்டும். அங்கேயும் யாராவது ஒருவர் கையில் கடிதத்தோடு உங்களிடம் வருவார். என்ர மகள் இருக்கிறா என்று தொடங்காதேங்கோ. அவவுக்குப் பரீட்சை, ஒருத்தரும் குழப்பாதேங்கோ எண்டு சொல்லுங்கோ.

இப்படிக்கு,
உங்கள் படிக்கிற பிள்ளை,
அனிற்றா