மூன்றும் ஒரே அளவு

நாள் 212, காலை 07:10
பூமியில் நான் பாடம் எடுத்த பள்ளியில் ஒரு மாணவி கேட்டாள்: "மூணு பேரும் ஒரே விடை எழுதியிருந்தா அது சரியாத்தானே இருக்கும் டீச்சர்?" சிரித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன்.

நிலவில் எங்களிடம் மூன்று பிரிண்டர்கள். மூன்றும் வெவ்வேறு கம்பெனி. விண்வெளி உடையில் காற்று கசியாமல் தலைக்கவசத்தை அடைக்கும் கழுத்து வளையத்தை ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் அச்சிடும். ஒரே மாவில் மூன்று வீட்டில் சுட்ட தோசை மாதிரி. தினமும் மாதிரி வளையத்தை ஸ்கேன் செய்து மூன்றுக்கும் அனுப்பி, அளவை ஒன்றாக்குவது என் வேலை.

நாள் 219, 07:10
மூன்றும் ஒத்துவிட்டன. மூன்றாவது, ஒன்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள குடிலில், மெக்கானிக் லூர்துராஜிடம் இருக்கிறது. அளவு பொருந்தினால் அவர் குரலிலேயே ரேடியோவில் எனக்கு அறிவிக்கும்படி பதிவு செய்திருக்கிறார்.
"டீச்சர், அளவு சரி. நூத்துக்கு நூறு போடுங்க."

நாள் 231, 11:40
லூர்துராஜ் புது வளையம் மாட்டி வண்டியில் இங்கே திரும்புகிறார். ரேடியோவில் பேசினார்.
"கழுத்துல சில்லுனு இருக்கு டீச்சர். குடிலுக்கே திரும்பிடவா?"
"வாங்க லூர்து. மூணு பிரிண்டரும் சரின்னுதான் சொல்லுது."
"நீங்க சொன்னா சரி. இட்லிய ஆறவிட்டுடாதீங்க."

11:52
"டீச்சர்..."
பிறகு மூச்சு மட்டும். பிறகு அதுவும் இல்லை.

நாள் 232, 09:00
பள்ளியில் நல்ல வெர்னியர் அளவுகோலைப் பீரோவில் பூட்டிவைப்போம். ஆய்வு அதிகாரி வந்தால்தான் எடுப்போம். அதே பழக்கத்தில், இங்கே அசல் அளவுக்கான எஃகு வளையத்தைப் பெட்டியில் பூட்டிவிட்டு, அதனுள் ஆடாமல் பொருந்தும் பிளாஸ்டிக் நகலையே மாதிரியாக வைத்திருந்தேன். இன்று எஃகை எடுத்து நகலை உள்ளே வைத்தேன். ஆடியது. நாளாக நாளாகச் சுருங்கியிருக்கிறது. அதைப் பார்த்து மூன்றும் காப்பியடித்திருக்கின்றன.

நாள் 240, 07:10
எட்டு நாளாக நான் எதுவும் அனுப்பவில்லை. குடிலில் ஆளில்லை. அந்தப் பிரிண்டர் கடைசி அளவை வைத்துத் தன்னையே சரிபார்த்துக்கொள்கிறது.
"டீச்சர், அளவு சரி. நூத்துக்கு நூறு போடுங்க."
இங்கிருக்கும் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கப் போனேன். கை வரவில்லை.

நாள் 241, 07:08
எஃகைக் காட்டிப் புது வளையம் அச்சிட்டு மாட்டிக்கொண்டேன். வழியில், வண்டியில் அவர் இன்னும் உட்கார்ந்தேதான் இருப்பார். கூட்டிவரப் போகிறேன். திரும்பாவிட்டால்

07:10
"டீச்சர், அளவு சரி."

இதைப் படிப்பவருக்கு: பெட்டியைத் திறந்தே வைத்திருக்கிறேன். அந்தக் குரல் என்ன சொன்னாலும், வெளியே போகுமுன் எஃகு வளையத்தை எடுத்து, உங்கள் கழுத்து வளையத்தை அதனுள் வைத்து ஆட்டிப் பாருங்கள்.