மாடியில் தூங்கும் இரண்டு தொட்டிகள்

டிசம்பர் 20, சனி

காலையில் பனி. மலைக்கோட்டை உச்சி தெரியவில்லை. எழுத்து கோணல்மாணல். பாதி வரிக்கு மேலே, பாதி கீழே. படிக்கப்போவது நான் ஒருவன்தான். ஆனாலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆயுசெல்லாம் மெத்தை ஊசி பிடித்த கை. பேனா அதற்கு ரொம்ப மெலிசு. சாயங்கால வகுப்பில் எழுத்து கூட்டப் படித்து முடித்ததே போன மாதம்தான். ஒரு வரி எழுதுவதற்குள் டீ ஆறிப்போகிறது. ஆறட்டும்! என் பேச்சு என் கையிலிருந்து வருகிறது. காதர் மொய்தீன். எழுதிவிட்டேன்.

மாடியில் ஆர்க்கிட் தொட்டி இரண்டு. டென்ட்ரோபியம். ஒன்று உயரக் கொக்கியில் தொங்குகிறது, இன்னொன்று கீழே, டேங்க் ஓரம். கொடுத்தவர் ஸ்ரீரங்கம் பார்த்தசாரதி சாமி, பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு மெத்தை எல்லாம் நான் தைத்தது. இலை முழுக்கக் கொட்டிவிட்டது. வெறும் தண்டு. பனிக்காலத்தில் தூங்க விடணுமாம். சாமி சொன்னது:

தண்ணீர் கூடாது.
உரம் கூடாது.
காலை வெயில் நிறைய.
தண்டு ரொம்பச் சுருங்கினால் மட்டும் லேசாகத் தெளிப்பு.
மொட்டு தெரிகிறவரை இப்படியே.

"செத்துடாதா சாமி?"

"எங்க பெருமாளே படுத்துண்டுதான் ஓய் இருக்கார். செடி கொஞ்ச நாள் படுத்தா குடியா முழுகிடும்?"

ஊருக்கெல்லாம் மெத்தை. இப்போது செடிக்கும் தூக்கம். சிரிப்பு வருகிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

மேகமூட்டம். பெய்தால் தொட்டியை உள்ளே எடுக்க வேண்டும். பெய்யவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

குவைத்திலிருந்து மகன் அன்வர் போன். மாடி முழுக்கக் கூரை ஷீட் போடப்போகிறானாம், லீவில் வந்தால் பிள்ளைகள் படுக்க. பொங்கல் கழித்து வெல்டிங்காரர் வருவார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஷீட்டுக்குக் கீழே ஏது வெயில்? கீழே எங்கள் சந்தில் நடுப்பகலிலேயே லைட் போடுகிறோம். வெயில் இல்லாவிட்டால் செடி இல்லை.

ஒரு மூலையையாவது விடச் சொல்லு என்று ரஹ்மத்திடம் கெஞ்சினேன். என் சம்சாரம். அவள் சொன்னால் அன்வர் கேட்பான்.

"இந்தக் குச்சிக்கா மூலையை விடச் சொல்றீங்க? அடுப்புல வெச்சா ஒரு டீ கொதிக்காது."

"பூக்கும் புள்ள."

"சரி. வெல்டிங்காரர் வர்றதுக்குள்ள ஒரு மொட்டு காட்டுங்க. மூலை உங்களுக்கு. இல்லேன்னா ரெண்டும் சாமி வீட்டுக்கே திரும்பப் போகணும்."

ஒப்புக்கொண்டேன். வேறு வழி?

டிசம்பர் 30, செவ்வாய்

குளிர். முழங்கால் வலி. மேல் தொட்டித் தண்டு சுருங்கி, கிழவன் விரல் மாதிரி. என் விரல் மாதிரிதான். கொஞ்சம் தெளித்தேன். கீழ்த் தொட்டி கொழுகொழுவென்று இருக்கிறது. ஏன்? டேங்க் நிழலோ? தெரியவில்லை.

உளுந்து வாங்க வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

மொட்டு! மொட்டு! மொட்டு!

கீழ்த் தொட்டியில், கணுவில், பச்சையாக, பயறு அளவு. மூன்று தரம் கண்ணைத் துடைத்துப் பார்த்தேன். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சமோசா வாங்கிக் கொடுத்தேன். கசாப்புக் கடை யூசுப் கேட்டான், "பேரன் பொறந்திருக்கானா பாய்?" "அதுக்கும் மேல" என்றேன்.

ரஹ்மத் எட்டிப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி.

ஜனவரி 10, சனி

நல்ல வெயில். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்கவில்லை. போர்டை நானே கூட்டிப் படித்து ஏறினேன். ஸ்ரீ-ர-ங்-க-ம். சரியான பஸ்! கண்டக்டரிடம் சொல்ல ஆசை. சொல்லவில்லை.

சாமி படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"மொட்டு இல்லை ஓய். குட்டிச் செடி. இதோ, இலை பிரியறது பாரும். தூங்கறச்சே தண்ணி குடுத்தா பூ வர்ற இடத்துல குட்டி வரும். யார் ஊத்தினா?"

"நான் ஊத்தலை சாமி!"

"அப்ப தானா மழை பெஞ்சுதாக்கும்."

திரும்பி வரும்போது காவேரியைக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டில் கேட்டேன். ரஹ்மத் முந்தானையை முறுக்கினாள்.

"துணி காயப்போடப் போறப்ப ஒரு சொம்பு... வாயில்லாத ஜீவனைத் தாகத்துல போட்டா நாளைக்கு அல்லாஹ் என்னைத்தானே கேப்பான்?"

"மேலே இருக்கறதுக்கு?"

"எட்டலை. எட்டியிருந்தா அதுக்கும்தான்."

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரித்துத் தொலைத்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் பேச்சு பேச்சுதானாம். குட்டி மொட்டாகாதாம். பாவி!

ஜனவரி 16, வெள்ளி

பக்கத்து வீட்டிலிருந்து பொங்கல், கரும்பு. மேல் தொட்டியில் ஒன்றும் இல்லை. காலையில் பார்த்தேன், பகலில் பார்த்தேன். ஏறி இறங்கி முழங்கால் வீங்கிவிட்டது. ரஹ்மத் தைலம் தேய்த்தாள், திட்டிக்கொண்டே.

ஜனவரி 20, செவ்வாய்

கை ஓடவில்லை. மெதுவாக எழுதுகிறேன்.

நாலு நாளாக முழங்கால் மாடி ஏற விடவில்லை. இன்று வெல்டிங்காரர் காலையிலேயே வந்துவிட்டார். சுவரோடு சுவராக நூல் பிடித்தார். கொக்கி இடைஞ்சல் என்றார். நானே ஸ்டூல் போட்டு மேல் தொட்டியைக் கழற்றினேன். கண் கலங்கினதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே நின்று ரஹ்மத்தான் வாங்கினாள். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். தண்டை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"என்னங்க, இறங்குங்க."

"என்ன?"

"இது குட்டி மாதிரி இல்லையே. ஜோடி ஜோடியா, உருண்டையா. நுனியில பாருங்க, ஊதா."

கணுவுக்குக் கணு. இலை பிரியவே இல்லை. மொட்டேதான்! நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வெல்டிங்காரர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நூலை இந்தப் பக்கம் தள்ளிக் கட்டுங்க. அந்த மூலைக்கு ஷீட் வேணாம்."

"கோணலா இருக்கும்மா."

"இருக்கட்டும்."

மத்தியானம் அன்வர் வீடியோ காலில். "அத்தா, ஷெட்டுல ஒரு மூலையைக் காணோமே?"

ரஹ்மத் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "மூலை இருக்குடா. அதுல ஆள் குடியிருக்கு."

விரல் வலி. போதும். மொட்டு பெரிசாகப் பெரிசாக எழுத நிறைய இருக்கும். அடுத்த வாரம் உட்காருவேன். இப்போது மேலே போய் இன்னொரு தரம் பார்க்க வேண்டும், ரஹ்மத் எனக்கு முன்னாலேயே ஏறிவிட்டாள்.