மூன்று இருக்கக் கடவது

நாள் 212 · காலை 7:05 · குடில் ஒன்று

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானுக்கு வணக்கம். எழுதுவது சொரிமுத்து. வியாழனின் நிலாவான யூரோப்பாவின் பேரரசன், பனிக்கண்டத்தின் ஏக சக்கரவர்த்தி. சம்பளப் பட்டியலில் மட்டும் ‘தரவுத்தளப் பராமரிப்பாளர்’ என்று போட்டிருக்கிறார்கள், பொறாமை பிடித்தவர்கள். குடிமக்கள் ஒருவன்: என் மனைவியின் தம்பி மந்திரமூர்த்தி. அவனும் வரி கட்டுவதில்லை.

குளிர் வழக்கம்போல. நேற்று தும்மினேன், இன்று காலையில்தான் பெருக்கி அள்ளினேன்.

ராஜ்ஜிய விவரம். மூன்று குடில்கள். ஒன்றில் நான். பதினொரு கிலோமீட்டர் தள்ளி இரண்டாவதில் மந்திரமூர்த்தி, பனியைத் துளைக்கிறான். மூன்றாவது வானொலிக் கோபுரத்தடியில் ஆளில்லாமல் நிற்கிறது. ஒரே தரவுத்தளத்தின் மூன்று பிரதிகள், குடிலுக்கு ஒன்றாக, தனித்தனி டப்பாக்களில் ஓடுகின்றன. வியாழன் இழுக்கிற இழுப்பில் இங்கே பனி அசையும், வெடிக்கும். எந்த இடம் உறுதி, எந்த இடம் பிளவு என்பது அவ்வப்போது தரவுத்தளத்தில் ஏற வேண்டும். மூன்றில் இரண்டு பிரதிகளாவது தலையாட்டினால்தான் ஒரு வரி ஏறும். ஐந்து பேரோடு வந்துகொண்டிருக்கும் ‘கொக்கு’ என்ற கலம் அதைப் பார்த்துத்தான் கால் ஊன்றும்.

இவற்றை நான் மேய்ப்பதில்லை. மேஸ்திரி என்று நாங்கள் கூப்பிடும் நிரல் மேய்க்கிறது. அதனிடம் ‘இதைச் செய், அதைச் செய்’ என்று சொல்வதே கிடையாது. எது எப்படி இருக்க வேண்டும் என்று ஆணை எழுதி வைத்தால் போதும். ‘பிரதிகள் மூன்று இருக்கக் கடவது’ என்று எழுதியிருக்கிறேன். ஒன்று படுத்தால் எழுப்பும். எழாவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி எழுப்பும். அலுக்காது. என் ஆயுளில் என் சொல்லைக் கேட்ட ஒரே ஜீவன்.

நாள் 214 · காலை 10:30

உள்நாட்டுக் கலகம். மந்திரமூர்த்திக்கு ஆணையில் நம்பிக்கை இல்லை, கையில்தான் நம்பிக்கை. தன் குடிலின் சூட்டைத் திருகி ஏற்றியிருக்கிறான். ஆணையில் பதினெட்டு என்று இருப்பதால் மேஸ்திரி இறக்கியது. அவன் ஏற்ற, அது இறக்க. பாற்கடலைக் கடைந்தபோதுகூட இவ்வளவு இழுபறி நடந்திருக்காது.

வானொலிப் பதிவு:

“அத்தான், இந்த மேஸ்திரிக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? நான் ஏத்துதேன், அவன் இறக்குதான். காலைலேர்ந்து இதே சோலியா இருக்கு.”

“கையால செஞ்சது ஒண்ணும் நிக்காது மாப்ள. ஆணையைத் திருத்தணும். அந்த அதிகாரம் சக்கரவர்த்திக்குத்தான்.”

“அப்பம் திருத்துங்க.”

“விண்ணப்பம் முறைப்படி வரலியே.”

“சக்கரவர்த்தியாம்லா! எங்க அக்கா முன்னால இதச் சொல்லிப் பாருங்க. வெங்காயம் உரிக்கச் சொன்னதுக்கே அழுத ஆளு.”

இருபத்திரண்டு என்று திருத்தினேன். பயல் தன் குடிலை மேஸ்திரியின் ஏட்டில் ‘மந்திரமூர்த்தி விலாஸ்’ என்று பதிந்து வைத்திருப்பதையும் அப்போதுதான் பார்த்தேன். பனிக்கு நடுவே ஒரு தகர டப்பா, அதற்கு விலாஸ். மாற்றவில்லை. இருக்கட்டும்.

நாள் 215 · மதியம் 1:15

பூமியிலிருந்து என் மனைவி பேராச்சியின் குரல். குரல் வர நாற்பது நிமிடம், பதில் போக நாற்பது நிமிடம். அவளோடு சண்டை போட இதைவிட வசதியான தூரம் பிரபஞ்சத்தில் இல்லை.

கட்டுப்பாட்டு அறையை ஒட்டிய குடும்பத்தார் கூடத்தில் எங்கள் தளத்துக்கென்று ஒரே ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். ஆணையில் உள்ளதும் நடப்பில் உள்ளதும் ஒத்துப்போனால் பச்சை. மேஸ்திரி எதையாவது சரிசெய்துகொண்டிருந்தால் மஞ்சள். இவள் தினமும் போய்ப் பார்க்கிறாள்.

“ஏங்க, கேக்குதா? வெளக்கு பச்சையாத்தான் எரியுது, பாத்துட்டு வாறேன். தம்பி ஒழுங்கா சாப்பிடுதானா? சொதிப்பொடி குடுத்து விட்டேம்லா, அது கொக்குல ஆளுங்க வந்து எறங்குற அன்னைக்கு. அதுக்கு முன்னால ரெண்டு பேரும் நக்கித் தீத்துராதிய.”

அந்தத் தேங்காய்ப்பால் குழம்புப் பொட்டலம் மந்திரமூர்த்தியிடம் இருக்கிறது. என்னை நம்ப முடியாதாம். நியாயம்தான்.

நாள் 217 · காலை 9:48

“அத்தான், ஐஸு சத்தம் போடுது. கேக்குதா? மொதல்ல உங்க குறட்டைன்னு நெனச்சேன்.”

“முழிச்சிருக்கும்போது நான் குறட்டை விடமாட்டேன்ல. வண்டியை எடுத்துட்டு இந்தப் பக்கம் வா.”

“வாறேன், வாறேன். சொதிப்பொடிய எடுத்துக்”

அவ்வளவுதான் பதிவாகியிருக்கிறது.

மேஸ்திரி அறிக்கை: வேண்டியது 3. உள்ளது 2. எழுப்புகிறேன்.

நாள் 217 · மாலை 4:20

போய் வந்தேன்.

குடில் இல்லை. அவன் வண்டியும் இல்லை. பிளந்த இடத்தில் தண்ணீர் ஏறி, நான் போய்ச் சேர்வதற்குள் உறைந்துவிட்டிருந்தது. சிமெண்டுத் தரை மாதிரி வழவழவென்று. இங்கிருந்து போகும் மின்கம்பி மட்டும் அந்தத் தரைக்குள் நேராக இறங்குகிறது.

கம்பியைத் தொட்டேன். கையுறையைத் தாண்டியும் சூடு தெரிந்தது. மேஸ்திரி மின்சாரம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு டிகிரி. நான்தான் திருத்தினேன்.

கம்பி பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பூமிக் கட்டுப்பாட்டு அறை கேட்டது: “குடில் இரண்டின் நிலை என்ன?”

பதில் அனுப்பினேன்: “சரிசெய்யப்படுகிறது.”

பொய் இல்லை. மேஸ்திரியைக் கேட்டுப் பாருங்கள்.

நாள் 219 · காலை 8:00

மூன்று குடிலுக்கும் பொதுவான மின்கலம் அறுபத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டு விழுக்காட்டுக்கு வந்துவிட்டது. எல்லாம் அந்தக் கம்பி வழியாகப் போகிறது. மேஸ்திரி எழுப்புகிறது. எழவில்லை. பொறுக்கிறது. மறுபடி எழுப்புகிறது.

பெட்டியில் இருக்கும் அந்தக் கம்பியின் விசையைக் கையால் அணைத்துப் பார்த்தேன். பத்தே நொடியில் மேஸ்திரி திரும்பப் போட்டுவிட்டது. கையால் செய்தது நிற்காது என்று ஊருக்கு உபதேசம் செய்தவன் நான். அது திரும்பப் போட்டபோது எனக்கு ஏற்பட்டது சந்தோஷம். எழுதி வைக்கிறேன், வெட்கமில்லை. இந்த உலகத்தில் அவன் வருவான் என்று நம்புகிற ஆள் என்னைத் தவிர இன்னொருவன் இருக்கிறான்.

பேராச்சி பேசினாள்: “வெளக்கு ரெண்டு நாளா மஞ்சளா எரியுது. இங்க உள்ளவங்க, ஏதோ சரி பண்ணுதாங்கன்னு சொல்லுதாங்க. தம்பியோட குடிலாமே? அவன் கையி சும்மா இருக்காதுங்க, எதையாவது திருகி வச்சிருப்பான். ஏசாதிய அவன.”



நாள் 220 · காலை 6:40

பத்தொன்பது விழுக்காடு.

கொக்கின் தலைவி ரெஜினாவிடமிருந்து:

“சொரிமுத்து அண்ணே, நாளைக்குக் காலையில எறங்குறோம். உங்க மின்கலக் கணக்கு எங்களுக்கும் வருது. இப்படியே போனா ராத்திரிக்குள்ள மின்கலம் பத்துக்குக் கீழ போயி, கோபுரக் குடில் அணைஞ்சிரும். அப்புறம் உங்க ஒரு பிரதி மட்டும் தலையாட்டி ஒரு வரிகூட ஏறாது. பழைய பனிப்படத்தை வச்சுக்கிட்டு நாங்க கால் வைக்க முடியாது, திரும்பிப் போக எரிபொருளும் இல்ல. அண்ணே, ஆணையைத் திருத்துங்க. மூணை ரெண்டாக்குங்க. நான் சொல்லக் கூடாதுதான். சொல்ல வேண்டியிருக்கு.”

சரியாகத்தான் சொல்கிறாள். ஒரே ஒரு எண். மூன்றை அழித்து இரண்டு என்று போட்டால் மேஸ்திரி அவனைத் தேடுவதை நிறுத்திவிடும். கம்பி ஆறிவிடும்.

இரண்டு லட்சம் தடவை இந்த மாதிரி எண்ணை மாற்றியிருப்பேன். சரி, இருநூறு தடவை. மிகைப்படுத்த இன்று தெம்பில்லை.

நாள் 220 · காலை 11:10

திரையைத் திறந்தேன். மூடினேன். தேநீர் போட்டேன், குடிக்கவில்லை. திறந்தேன்.

பதினாறு விழுக்காடு.

நாள் 220 · மதியம் 2:25

இரண்டு என்று தட்டினேன்.

மேஸ்திரி கேட்டது: எந்தக் குடிலை விடுவிப்பது? தவறுதலாக நீக்கிவிடாமல் இருக்க, குடிலின் பெயரை முழுமையாகத் தட்டச்சு செய்து உறுதிப்படுத்தவும்.

இந்தத் தடுப்பை வைக்கச் சொன்னதே நான்தான். யாராவது தூக்கக் கலக்கத்தில் எதையாவது அழித்துவிடக் கூடாதே என்று.

‘மந்திர’ வரைக்கும் அடித்தேன். விரல் நின்றுவிட்டது. ஐந்து பேர். அவர்களையும் யாரோ எங்கோ ஒரு விளக்கடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மந்திரமூர்த்தி விலாஸ்.

ஒரு புள்ளி விட்டுப்போனால் ஏற்காது என்று எனக்குத் தெரியும். ஒரு தப்பாவது வரட்டும் என்று பார்த்தேன். வரவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதுகிற மாதிரி அவ்வளவு திருத்தமாக விழுந்தது.

மேஸ்திரி அறிக்கை: வேண்டியது 2. உள்ளது 2. குறை ஏதுமில்லை.

குறை ஏதுமில்லையாம்.

நாள் 220 · மாலை 5:50

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கம்பியைத் தொட்டேன்.

ஆறிவிட்டது.

நாள் 221 · காலை 8:35

கொக்கு இறங்கிவிட்டது. தரவுத்தளத்தில் பிளவு என்று விடிகாலையில் ஏறிய இடத்துக்கு முந்நூறு மீட்டர் தள்ளி, உறுதியான பனியில். ஐந்து பேரும் நலம். இப்போது என் குடிலுக்குள் ஐவரும் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்கள். யாரும் உட்காரவில்லை. சாப்பிடக் கொடுக்க புளிக்குழம்புப் பொடிதான் இருக்கிறது. ரெஜினா அதைக் கரைக்கிறாள்.

ராஜ்ஜியத்தில் குடிமக்கள் ஐந்து பேர் கூடியிருக்கிறார்கள்.

நாள் 221 · காலை 9:20

பூமியிலிருந்து:

“ஏங்க! பச்சை வந்துட்டுங்க! இப்பம்தான் பாத்தேன், ஓடியாந்து பேசுதேன், மூச்சு வாங்குது. மஞ்சளப் பாத்துப் பாத்து கண்ணு பூத்துப் போச்சு எனக்கு. குறை ஏதுமில்லன்னு போட்டிருக்கு, நானே வாசிச்சேன். தம்பி குடிலு சரியாயிட்டு, என்ன? எனக்குத் தெரியும், நீங்க விடமாட்டியன்னு. வாயிதான் காவாயி, ஆனா விடமாட்டிய. அந்தப் பயலக் கூப்பிடுங்க. ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. ஏசமாட்டேன். இங்கனயே நிக்கேன்.”

நாள் 221 · காலை 9:45

அவள் விளக்கடியில் நிற்கிறாள். என் குரல் போய்ச் சேரும்வரைக்கும் அங்கே அவன் உயிரோடு இருக்கிறான். கை சும்மா இருக்காமல் எதையோ திருகிக்கொண்டிருக்கிறான். நான் பேச ஆரம்பித்தால் அவனுக்கு நாற்பது நிமிடம்தான்.

ரெஜினா தானே சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஆணையைத் திருத்துகிற அதிகாரம் சக்கரவர்த்திக்குத்தான்.

9:52

பேசும் பொத்தானை அழுத்தினேன். ‘பேராச்சி’ என்றேன். அவனுக்கு இனி நாற்பது நிமிடம்.