நகல் எடுக்காமல் பிரித்த புத்தகம்

குருவிக்கு,

வழக்கமாக ‘அன்புள்ள’ போட்டுத்தான் தொடங்குவேன். இன்று கை வரவில்லை. இங்கே நானும் ஆஸ்பத்திரியும் கூண்டில் இருக்கும் நாய் பூனைகளும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாயா?

போன் செய்தால் உன் அண்ணிதான் எடுக்கிறார். ஒருமுறை நீ குழந்தையைக் குளிப்பாட்டுகிறாயாம். இன்னொருமுறை தூங்குகிறாயாம். அதற்கடுத்த முறை, “அவளே கூப்பிடுவாம்மா, நீ ஏன் சும்மா சும்மா போன் பண்றே?” என்று கேட்டுவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். நீயே கையெழுத்துப் போட்டு வாங்கும்படி பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

அண்ணிக்கு இரட்டைக் குழந்தை, உதவிக்கு ஆள் இல்லை, ரெண்டே வாரம், ஓடி வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. மாதக்கணக்கு ஆகிவிட்டது. கால்நடை மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு தலைக்கு மேல் வந்து நிற்கிறது. எனக்காவது அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கிறது. உனக்கு வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இதை நான் உனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

புத்தகத்தைக் கிழித்தது யாருடைய யோசனை என்று சண்டை வேண்டாம். இரண்டு பேரும் சேர்ந்து செய்த புத்திசாலித்தனம் அது. ஆஸ்பத்திரியில் உனக்குக் காலை வேலை, எனக்கு மாலை வேலை, ஒரே உயிரியல் புத்தகத்துக்கு தினமும் இழுபறி. அறுவைச் சிகிச்சை அறை பிளேடை வைத்து முதுகோடு அறுத்தோம். செல், தாவரம், மரபியல் எனக்கு. இதயம், சிறுநீரகம், நரம்பு, ஹார்மோன் உனக்கு. அவரவர் பாதியைக் கரைத்துக் குடித்துவிட்டு, கடைசியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது என்று பேச்சு. சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரம் பார்த்து உன் பாதியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு எழுதினேன். இதயத்தின் எந்த அறையிலிருந்து ரத்தம் நுரையீரலுக்குப் போகிறது என்று கேட்டிருந்தார்கள். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போதெல்லாம் நாயின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான். உள்ளே அது அடிப்பது என் கைக்குத் தெரிகிறது. கேள்வித்தாளைப் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தேன். திரும்பி வந்ததும் கம்பவுண்டர், “வாங்க வாங்க, அரை டாக்டர்” என்று கும்பிடு போட்டார். அவர் மேல் பஞ்சுக் கட்டை விட்டெறிந்தேன். உண்மையைச் சொன்னால் வேறு என்ன வரும்?

இன்னொரு புத்தகம் வாங்கிப் படியேன் என்று நீ கேட்பாய். வாங்கினேன். உட்கார்ந்தும் பார்த்தேன். கண்ணால் படித்தால் மண்டையில் ஏறாத ஜென்மம் நான் என்பது உனக்குத் தெரியாதா? நீ சொல்லவேண்டும், நான் குறுக்கே ஏதாவது உளறவேண்டும், நீ தலையில் அடித்துக்கொள்ளவேண்டும், அப்புறம்தான் ஏறும்.

என் பாதியில் ஒன்று இருக்கிறது, கேட்டுக்கொள். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் தன்னிடமிருக்கும் குரோமோசோம் முழுவதையும் நகல் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் பிரிகிறது. அதனால் இரண்டுக்கும் குறை வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்கு இருக்கிற அறிவு நம் இரண்டு பேருக்கும் இல்லாமல் போய்விட்டது.

பதில் எழுது. எழுதாவிட்டால் அடுத்த கடிதத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதுவேன்.

இப்படிக்கு,
கொதித்துக்கொண்டிருக்கும் சிடுமூஞ்சி

* * *

அன்புள்ள குருவிக்கு,

‘அன்புள்ள’ திரும்பி வந்துவிட்டதே என்று சந்தோஷப்படாதே. கோபம் போகவில்லை. ஆள்தான் மாறியிருக்கிறது.

உன் பதில் வந்தது. மருந்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். சாக்குப்போக்கு எழுதியிருப்பாய், ஒவ்வொன்றுக்கும் திட்டவேண்டும் என்று தயாராக இருந்தேன். நலம் விசாரிப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. முதல் வரியே, ‘சிறுநீரகம் என்ன செய்கிறது என்றால்’ என்று ஆரம்பிக்கிறது. கையெழுத்து கோணிக்கொண்டு போகிறது. ஒரு குழந்தை தோளில், இன்னொன்று மடியில் என்று நடுவில் எழுதியிருக்கிறாய். தாளில் பால் கொட்டிய கறை வேறு.

படித்தேன். ஏறிவிட்டது. நீ சொன்னால் ஏறும் என்று சொன்னேனே. சிறுநீரகம் ரத்தத்திலிருக்கும் சின்னச் சின்னப் பொருளையெல்லாம், நல்லது கெட்டது பார்க்காமல், முதலில் மொத்தமாக வடித்து வெளியே தள்ளுகிறது. அப்புறம் தண்ணீர், சர்க்கரை, உப்பு என்று தனக்கு வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதயத்தையும் எழுதியிருந்தாய். வலது கீழறை. இனி செத்தாலும் மறக்காது.

உன்னைப் பற்றிக் கடைசியில் நாலு வரி. நாய்க்கும் மாட்டுக்கும் ஊசி போட ஒரு படிப்பா, சொந்த ரத்தத்தைப் பார்த்துக்கோ என்று உன் அண்ணன் சொன்னாராம். அண்ணி அழுதாராம். உனக்குப் பேச வாய் வரவில்லையாம். ‘எனக்கும் சேர்த்து நீ நல்லா எழுது.’ இந்த வரியைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கையிலிருந்த மருந்துத் தட்டை மேசைமேல் அறைந்ததில் மூலைக் கூண்டிலிருந்த ஒற்றைக்கண் பூனை எகிறிக் குதித்தது.

சொந்த ரத்தமாமே! உன் அம்மாவும் அப்பாவும் செத்துப்போனபோது இந்த ரத்தம் எங்கே இருந்தது? வீடு சின்னது, இடம் போதாது என்று சொன்ன அதே அண்ணன்தானே? என் அறையில் பாயைப் போட்டு உன்னைப் படுக்கவைத்தவள் நான். இப்போது இரண்டு குழந்தை வந்த பிறகு அதே வீட்டில் உனக்கு எப்படி இடம் முளைத்தது? மொத்தமாக வெளியே தள்ளிவிட்டு, வேண்டிய நேரத்தில் வேண்டியதை மட்டும் இழுத்துக்கொண்டார்கள். எழுதும்போது உனக்கே இது தோன்றியிருக்கும். தோன்றாத மாதிரி பக்கத்தைத் திருப்பியிருப்பாய்.

உன் மேலும் கோபம்தான். யாரையும் கிட்டே சேர்க்காத அந்தக் கறுப்பு நாய் உன் குரலைக் கேட்டதும் காதை மடக்கிக்கொண்டு படுக்கும். அப்படிப்பட்டவளுக்கு அண்ணன் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நீ போனதிலிருந்து அது சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் வாசலையே பார்க்கிறது. டாக்டரம்மாவும் கேட்டுவிட்டார், ‘அவ எப்ப வர்றா?’ என்று. வருவாள் என்று உன்னைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.

அண்ணியைத் திட்டமாட்டேன். இரட்டைக் குழந்தையைத் தனியாகப் பார்ப்பது எவ்வளவு பாடு என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அவர் தனியாக இல்லையே. இரண்டு கையும் காலும் உள்ள ஒரு அப்பா இருக்கிறார். குழந்தையைக் குளிப்பாட்ட நுழைவுத் தேர்வு ஒன்றும் இல்லை, கற்றுக்கொள்ளட்டும்.

என் பாதிப் புத்தகத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நீ குழம்புகிற இடமெல்லாம் எனக்குத் தெரியும் என்பதால் ஓரத்தில் திட்டியே விளக்கம் எழுதியிருக்கிறேன். மரபியலில் மட்டும் கொஞ்சம் அதிகமாகத் திட்டியிருப்பேன், பொறுத்துக்கொள். குழந்தைகள் தூங்கும் நேரத்தில் படி. துணி மடிக்கப் போகாதே.

நம் இரண்டு பேருடைய தேர்வு அனுமதிச் சீட்டும் ஆஸ்பத்திரி முகவரிக்கு வந்துவிட்டது. உன்னுடையதைத் தபாலில் அனுப்பமாட்டேன். அந்த வீட்டில் ஒரு பொருள் எங்கே போகும், யார் கையில் மாட்டும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. என்னிடமே இருக்கட்டும். இரண்டு பேருக்கும் ஒரே மையம்தான், தேதியும் முகவரியும் இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். புகைப்படத்தில் முறைத்துக்கொண்டு இருக்கிறாய். அந்த முறைப்பில் பாதியை உன் அண்ணனிடம் காட்டியிருந்தால் போதும்.

நீ வராவிட்டால் நானும் எழுதமாட்டேன் என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். அது பொய். நீ வராவிட்டாலும் நான் உள்ளே போவேன். தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு நீ சொல்லிக்கொடுத்ததை வீணாக்க எனக்கு உரிமை இல்லை. சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்டால் சரியாக எழுதுவேன். அழுதுகொண்டே எழுதுவேன். அந்தப் பாவம் உன் அண்ணனைச் சேராது, உன்னைத்தான் சேரும்.

உன் அண்ணன் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். பெரியவர்களானதும், எங்கள் அத்தை மாட்டு டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியட்டும். அதற்காகவாவது வந்து சேர்.

தேர்வு மைய வாசலில் உன் சீட்டோடு நிற்பேன். கதவை மூடும்வரை நிற்பேன். காவலாளி கத்துவார். நான் திருப்பிக் கத்துவேன். கத்துவதற்கு எனக்குச் சொல்லியா தரவேண்டும்? நீ ஓடி வரும் நேரத்துக்கு அவரைப் பேச்சில் பிடித்துவைக்கிறேன். நீ ஓடி மட்டும் வா.

உன்,
சிடுமூஞ்சி